ஒரு நிமிடம் பன்னிரண்டு நொடி

அத்தியாயம் 5

காணாமல் போன பூனையின் வழக்கு முடிந்து மூன்று நாளாகியும் ஸ்பீக்கரின் முன்கையில் கீறல் ஆறவில்லை. பூனை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்தது அண்ணி. பிடித்தது அவன். அந்தத் துப்பறியும் நிறுவனத்தில் வேலைப் பங்கீடு எப்போதும் அப்படித்தான். மூளை அவளுடையது, தோல் அவனுடையது.

நிறுவனம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். சலவைக் கடைக்கு மேலே ஒரு அறை, இரண்டு மேஜை, நாள் முழுக்கக் கீழேயிருந்து ஏறிவரும் இஸ்திரி வாசனை. அண்ணி இருபது வருடம் காப்பீட்டுக் கம்பெனியில் பொய் விபத்துகளைப் பிரித்து மேய்ந்தவள். வேலையை விட்டு வெளியே வந்ததும் பலகை மாட்டினாள், உதவிக்குக் கணவனின் தம்பியைச் சேர்த்துக்கொண்டாள். நாற்பத்திரண்டு வயதாகியும் வாய் ஓயாத அந்தக் கொழுந்தனுக்கு ஸ்பீக்கர் என்று பெயர் வைத்தவளும் அவளே. சொந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் இப்போதெல்லாம் அவனே திரும்பிப் பார்ப்பதில்லை.

காலை பத்தரைக்கு வந்த பெண், நாற்காலியில் உட்கார்ந்ததும் இடது முழங்காலைக் கையால் பிடித்துத் தூக்கி வசதியாக வைத்துக்கொண்டாள். லிப்ட் கம்பெனியில் பதினோரு வருடமாக மெக்கானிக் என்றாள். உள்ளங்கைகளைப் பார்த்தாலே தெரிந்தது.

"இன்னிக்கு மூணு மணிக்கு எங்க கம்பெனியில தேர்வு, மேடம். பயிற்சி ஆசிரியர் வேலை ஒண்ணு, போட்டி அஞ்சு பேர். ஆளுக்குப் பத்து நிமிஷம் ஸ்லைடு போட்டுப் பேசணும். நேத்து மத்தியானம் பன்னெண்டு மணிக்குப் பயிற்சி அறையில ஒத்திகை பார்த்துட்டிருந்தேன். பக்கத்துக் கட்டடத்துல லிப்ட் நின்னுடுச்சுன்னு கூப்பிட்டாங்க, ஓடினேன். திரும்பி வந்து பார்த்தா கம்ப்யூட்டர்ல சொருகின பென் டிரைவைக் காணோம்."

"வேலை கிடைக்கலைன்னா?" என்றாள் அண்ணி.

"வீட்டுக்குத்தான். இந்த முட்டியோட ஏணி ஏறக்கூடாதுன்னு டாக்டர் எழுதிக் கொடுத்துட்டார். ஏணி ஏறாத மெக்கானிக்கை வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவாங்க?"

"கீழ்த்தளத்துல நிறுத்தலாம்," என்றான் ஸ்பீக்கர். "லிப்ட் ரிப்பேர், படியில போங்கன்னு சொல்ல ஒரு ஆள் வேணுமில்ல."

அண்ணி பார்த்த பார்வையில் அவன் வாயை மூடிக்கொண்டான். அந்தப் பார்வையின் ஆயுள் சுமார் முக்கால் நிமிடம் என்பது அவன் அனுபவத்தில் கண்டது.

மெக்கானிக் விஷயத்தைச் சொன்னாள். மின்சாரம் போய் லிப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டால், உள்ளே இருப்பவர்களை மீட்க இரண்டு ஆள் வேண்டும். மேலே இயந்திர அறையில் ஒருவர் பிரேக்கை விட வேண்டும், இன்னொருவர் கீழே நின்று போதும் போதும் என்று கத்த வேண்டும். பாதி நாள் இரண்டாவது ஆள் போக்குவரத்து நெரிசலில் மாட்டிக்கொண்டிருப்பார், உள்ளே இருப்பவர்கள் வியர்த்து விறுவிறுத்துக் கடவுளைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். இவள் ஒரு கைப்பிடியைத் தானே பற்றவைத்துச் செய்திருந்தாள். அது பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிட்டுப் பிடிக்கும். ஒரே ஆள் போதும்.

"மேஜை மேல காட்டினா விளையாட்டுச் சாமான் மாதிரிதான் இருக்கும். நிஜ லிப்ட்டுல காட்டினாத்தான் நம்புவாங்க. என் தங்கச்சி போன்ல நாலு நிமிஷம் வீடியோ எடுத்தா. ஒன்பதாவது ஸ்லைடுல அதை வெச்சிருந்தோம். பென் டிரைவோட அதுவும் போச்சு."

"வேற எங்கேயும் இல்லையா?"

"பயிற்சி அறைக் கம்ப்யூட்டரை அணைச்சாப் போதும், எல்லாத்தையும் துடைச்சுடும். அப்படித்தான் வெச்சிருக்காங்க. தங்கச்சி என்னடான்னா, போன்ல இடம் இல்லைன்னு வீடியோவை என்னைக்கோ அழிச்சுட்டா. நேத்து அதுக்குத்தான் அவகிட்ட சண்டை. இன்னும் பேசல."

"அந்த பென் டிரைவ் எப்படி இருக்கும்?"

"பெயிண்ட் டப்பா மாதிரி குட்டியா இருக்கும். ரொம்ப வருஷம் முன்னாடி ஒரு பெயிண்ட் கம்பெனி சும்மா கொடுத்தது. நூத்தி இருபத்தெட்டு எம்பி."

அண்ணி பேனாவை மூடி வைத்தாள். அவள் பேனாவை மூடினால் ஏதோ பிடிபட்டுவிட்டது என்று அர்த்தம்.

"பென் டிரைவ் திருடு போயிருக்கு. வீடியோ திருடு போகல," என்றாள்.

மெக்கானிக் ஸ்பீக்கரைப் பார்த்தாள். அவன் உதட்டைப் பிதுக்கினான். இருவருக்கும் புரியவில்லை என்பதில் இருவருக்கும் கொஞ்சம் ஆறுதல்.

"இந்தக் காலத்துப் போன்ல எடுத்த நாலு நிமிஷ வீடியோ அந்த டப்பாவுக்குள்ள பாதி கூட நுழையாது," என்றாள் அண்ணி. "ஸ்லைடுல வீடியோவை வெச்சது யாரு, நீங்களா?"

"இல்ல, தங்கச்சி."

"உங்க தங்கச்சி வெச்சது வீடியோ இல்ல, ஜன்னல். வீடியோவை இணையத்துல ஒரு தளத்துல ஏத்திட்டு, அதோட முகவரியை மட்டும் ஸ்லைடுல ஒட்டியிருக்காங்க. பார்க்க அசல் வீடியோ மாதிரியே படம் தெரியும். அழுத்தினா அங்கேருந்து வந்து ஓடும். டப்பாவைத் திருடினவன் ஜன்னலைத்தான் கொண்டுபோயிருக்கான். வீடு அங்கேயேதான் இருக்கு."

மெக்கானிக்கின் முகத்தில் முதல் முறையாக ரத்தம் ஓடியது. உடனே வடிந்தும் போனது. "வீடியோ இருந்தும் பிரயோஜனம் இல்ல, மேடம். நேத்து நாலு மணிக்குப் பலகையில விதி ஒட்டிட்டாங்க. அஞ்சு மணிக்குள்ள ஒப்படைச்ச ஸ்லைடு மட்டும்தான் திரையில ஓடும். மத்தவங்க வாயால பேசலாம், அவ்ளோதான். மேலாளர் சார்கிட்டப் போய் அழுதேன், வீடியோவும் போச்சு சார்னு. தங்கமான மனுஷன். உக்கார வெச்சுத் தண்ணி கொடுத்தார். ஸ்லைடு முக்கியம் இல்லம்மா, தைரியம்தான் முக்கியம்னு சொன்னார்."

"ரெண்டும் இல்லாதவங்க என்ன பண்றதாம்?" என்றான் ஸ்பீக்கர். முக்கால் நிமிடம் முடிந்திருந்தது.

*

தங்கைக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. அவர்கள் போனபோது ஒரு வாடிக்கையாளருக்குப் பதினேழாவது பிரேமை மாட்டிக் கண்ணாடியில் காட்டிக்கொண்டிருந்தாள். அக்காவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அக்கா அதற்கு முன்பே திருப்பியிருந்தாள். நடுவில் நின்ற ஸ்பீக்கருக்கு யாரிடம் பேசுவது என்று புரியாததால் தானே ஒரு பிரேமை எடுத்து மாட்டிக்கொண்டான்.

"உங்களுக்கு வட்டமானது வேண்டாம் சார், ஆந்தை மாதிரி இருக்கு," என்றாள் தங்கை. அந்த நொடியே ஸ்பீக்கருக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

அண்ணி கேட்டதும் தங்கை போனை எடுத்துக் காட்டினாள். வீடியோ பத்திரமாக இருந்தது. முகவரி தெரிந்தவர்கள் மட்டும் பார்க்கும்படி வைத்திருந்தாள். முகவரி இருந்தது அந்த ஒன்பதாவது ஸ்லைடில் மட்டும்தான்.

"இதை நேத்தே சொல்லியிருந்தா?" என்றாள் அக்கா, சுவரைப் பார்த்து.

"சொல்றதுக்குள்ள கூறுகெட்டவளேன்னு போனை வெச்சது யாராம்?" என்றாள் தங்கை, பிரேம்களைப் பார்த்து.

"சண்டையை நாலு மணிக்கு மேல வெச்சுக்கலாம்," என்றாள் அண்ணி. "இதுவரைக்கும் எத்தனை தடவை ஓடியிருக்கு?"

தங்கை பார்த்தாள். அவள் புருவம் உயர்ந்தது. "பத்துன்னு காட்டுது மேடம். நான் ஒரு தடவை பார்த்தேன். ஒத்திகையில அக்கா மூணு தடவை ஓட்டினா. அப்ப நாலுதானே?"

"மிச்சம் ஆறும் எப்போ?"

"இன்னிக்குக் காலைல. ஒன்பதுலேர்ந்து பத்துக்குள்ள."

வாடிக்கையாளர் பதினெட்டாவது பிரேமைத் தானே எடுத்து மாட்டிக்கொண்டார்.

"திருடன் ரசிகனா இருக்கானே, அண்ணி," என்றான் ஸ்பீக்கர். "காலைல எழுந்ததும் ஆறு ஆட்டம்."

"முழுசாப் பார்த்தானான்னு கேளு. எங்கே நிறுத்தினான்னு அதுல வருமா?"

வந்தது. அந்தத் தளம் பார்த்தவர் எந்த இடத்தில் நிறுத்தினார் என்பதையும் விடாமல் குறித்து வைத்திருந்தது. தங்கை ஒவ்வொன்றாகப் படித்தாள். முதல் தடவை நாலு நிமிடமும் முழுசாக ஓடியிருந்தது. இரண்டாவது தடவை ஒரு நிமிடம் முப்பத்தொரு நொடியில் நின்றது. பிறகு ஒன்று இருபது. பிறகு ஒன்று ஒன்பது. கடைசி இரண்டும் ஒரு நிமிடம் பன்னிரண்டு நொடியில், அச்சடித்தது போல.

"அதுக்கு அடுத்த நொடியில என்ன வருது?"

"அக்கா முகம்," என்றாள் தங்கை. "அதுவரைக்கும் மஞ்சள் கையுறையும் ஹெல்மெட்டோட பின்பக்கமும்தான் தெரியும். அப்புறம் அக்கா திரும்பி, ஹெல்மெட்டைக் கழட்டிட்டுப் பேசுவா."

அண்ணி சிரித்தாள். வருடத்துக்கு இரண்டு முறை சிரிப்பவள் என்பதால் ஸ்பீக்கர் கூர்ந்து கவனித்தான்.

"நம்ம போன்ல இருக்கிற வீடியோவை ஸ்லைடுல வெச்சா, அங்கேயே தலையையும் வாலையும் வெட்டிக்கலாம். இணையத்து வீடியோவை ஸ்லைடுல வெச்சா வெட்ட முடியாது. அது அங்கே இருக்கிற மாதிரிதான் இங்கே ஓடும். அதனால திருடன் என்ன பண்றான்? இவங்க முகம் வர்றதுக்கு முன்னாடி கையால நிறுத்திப் பழகறான். ரெண்டு தடவை சரியா நிறுத்தினதும் போதும்னு எழுந்து போயிருக்கான்."

"அப்படின்னா?" என்றாள் மெக்கானிக்.

"அப்படின்னா இன்னிக்கு உங்க கையை யாரோ தன் கைன்னு சொல்லிக் காட்டப் போறாங்க."

மெக்கானிக் அதுவரை திருப்பி வைத்திருந்த முகத்தைத் தங்கை பக்கம் திருப்பினாள். "அழிச்சுடுடி. இப்பவே அழி. மூஞ்சியில கரி பூசட்டும்."

"அழிச்சா சாம்பல் கலர்ல ஒரு கட்டம் வரும்," என்றாள் அண்ணி. "நெட் சரியில்லைன்னு சொல்லுவான். எல்லாரும் உச்சுக்கொட்டுவாங்க. கரியும் இருக்காது, மூஞ்சியும் தெரியாது. அவனால வெட்ட முடியாது. ஏத்தினவங்களால முடியும். ஏம்மா, முன்னாடி இருக்கிற ஒரு நிமிஷம் பன்னெண்டு நொடியை மட்டும் நீ தளத்துலயே வெட்டினா முகவரி மாறிடுமா?"

"மாறாது மேடம். அசல் அப்படியே இருக்கும், அப்புறம் திரும்ப ஒட்டிக்கலாம்." தங்கைக்குப் பிடிபட்டுவிட்டது. கண் மின்னியது. பிறகு மங்கியது. "ஆனா வெட்டினது வெளியே வர நேரமாகும். ஒரு நாள் அரை மணியில வந்துடும். ஒரு நாள் நாலு மணி நேரம் இழுக்கும். நம்ம கையில இல்ல."

மணி பன்னிரண்டு பத்து.

"வெட்டு," என்றாள் அண்ணி. பிறகு மெக்கானிக்கைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தாள். "இப்ப நான் சொல்றது உங்களுக்குப் பிடிக்காது. வீடியோ கிடைச்சுதுன்னு அங்கே நீங்க மூச்சு விடக்கூடாது. போனை நீட்டிக் காட்டக்கூடாது. காட்டினா விதி உங்களை உக்கார வெச்சுடும், திருடனும் உஷாராயிடுவான்."

"ஆதாரத்தைக் கையில வெச்சுக்கிட்டு, இல்லாதவ மாதிரி நிக்கணுமா?"

"ஆமாம்."

"நேரத்துக்கு அது வெளிய வரலைன்னா?"

"உங்க வேலை போயிடும். அதுக்கு நான் சமாதானம் எதுவும் சொல்ல மாட்டேன். நீங்க வேண்டாம்னா இப்பவே விட்டுடலாம்."

மெக்கானிக் முழங்காலைத் தடவிக்கொண்டே வெகு நேரம் யோசித்தாள். பதினோரு வருடம் கயிற்றில் தொங்கியவளுக்கு எதை நம்பித் தொங்குவது என்று கொஞ்சம் தெரியும். "சரி," என்றாள்.

*

செயல்முறை மாதிரி கொண்டுவருகிறவர்கள் சுமக்க இரண்டு பேரை அழைத்து வரலாம் என்று அனுமதி இருந்தது. மெக்கானிக்கின் மாதிரி, ஒரு பழைய லிப்டின் பிரேக் சக்கரம். முப்பது கிலோ. இரண்டு பேரில் அண்ணி கையில் ஒரு ஸ்பேனர் இருந்தது. மீதியை ஸ்பீக்கர் சுமந்தான்.

"லிப்ட் கம்பெனியிலயே லிப்ட் ஓடலையே," என்று மூன்றாவது மாடிக்கு ஏறும்போது மூச்சிரைத்தான். "இவங்க அடுத்தவனுக்கு வேற மாட்டிக் கொடுக்கறாங்க."

கூட்ட அறையில் நீள மேஜை, திரை, முன்வரிசையில் சேர்மனும் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த நாலு பேரும். சேர்மன் வயதானவர், பாதிக் கண்ணை மூடியே வைத்திருந்தார். போட்டியாளர்கள் வெளியே உட்கார்ந்து ஒவ்வொருவராக உள்ளே வர வேண்டும். மேலாளர்தான் எல்லாவற்றையும் ஓடியாடிக் கவனித்தார். நரைத்த மீசை, கனிவான குரல். ஸ்பீக்கர் வியர்த்திருப்பதைப் பார்த்துத் தானே மின்விசிறியைக் கூட்டிவைத்தார்.

"நல்ல மனுஷன் அண்ணி," என்றான் ஸ்பீக்கர். "நீங்க இருபது வருஷத்துல எனக்கு விசிறி போட்டதில்ல."

அப்போது மைக் ஊளையிட்டது. மைக் பார்க்கும் ஆள் வரவில்லை. மேலாளர் சுற்றிலும் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, உனக்கு இது தெரியுமா?" என்றார்.

"பொறந்ததுலேர்ந்து தெரியும் சார்," என்றான் ஸ்பீக்கர். பேரும் பொருத்தமாக இருந்தது. இரண்டு நிமிடத்தில் அவன் மூலை மேஜையில், கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். ஒவ்வொருவரின் ஸ்லைடும் அவன் கை வழியாகத்தான் போகும். அண்ணி பிரேக் சக்கரத்தின் பக்கத்தில், கழற்ற வந்தவள் போல ஸ்பேனரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

முதலில் வந்தவன் கழுத்தை நெரிக்கும் அளவுக்கு டை கட்டியிருந்தான். கதவுக்கு வெளியே இருந்தபோதே மெக்கானிக்கைப் பார்த்து, ஸ்லைடு இல்லையாமே, பாவம் என்று பல்லைக் காட்டியவன். இவன்தான் என்று ஸ்பீக்கர் மனத்துக்குள் எழுதி முத்திரையும் குத்திவிட்டான்.

டையின் ஸ்லைடுகள் நாற்பத்தொன்று. எல்லாவற்றிலும் எறும்பு ஊர்வது போல எழுத்து. அதை அவன் திரையைப் பார்த்து வாசித்தான், ஒரு புள்ளி விடாமல். ஒன்பதாவது ஸ்லைடு வந்தபோது ஸ்பீக்கர் நாற்காலி நுனிக்கு வந்தான். அதிலும் எறும்புதான். வீடியோ இல்லை. இருபதாவது ஸ்லைடில் சேர்மனின் மறுபாதிக் கண்ணும் மூடியது.

இரண்டாவது ஆளிடம் படம் இருந்தது, வீடியோ இல்லை. மூன்றாவது ஆளிடம் வீடியோ இருந்தது. ஸ்பீக்கர் மறுபடி நாற்காலி நுனிக்கு வந்தான். அது கம்பெனியின் விளம்பரப் படம். நாலாவது ஆள் பயத்தில் நாலே ஸ்லைடோடு ஓடிவிட்டான். தங்கையிடமிருந்து குறுஞ்செய்தி வந்தபடி இருந்தது. வெட்டு நாற்பது சதவீதம் முடிந்தது. ஐம்பத்தெட்டு. எழுபது.

ஐந்தாவதாக மெக்கானிக் வந்தாள். திரை வெறுமையாக இருந்தது. அவள் மாதிரியின் பக்கத்தில் நின்று பேசினாள், தெளிவாகத்தான் பேசினாள். கைப்பிடியைக் கையில் தூக்கிக் காட்டினாள்.

"மேஜை மேல எல்லாம் ஓடும்மா," என்றார் தலைமை அலுவலகத்துக்காரர் ஒருவர். "நிஜ லிப்ட்டுல போட்டுப் பார்த்திருக்கீங்களா? ஏதாவது ஆதாரம் இருக்கா?"

மெக்கானிக்கின் கை சட்டைப்பையில் இருந்த போனைத் தொட்டது. அவள் அண்ணியை ஒரு முறை பார்த்தாள். கை பையிலிருந்து வெளியே வந்தது, வெறுங்கையாக.

"இப்ப இல்ல, சார்."

"அந்தப் பொண்ணு உழைப்பாளி சார்," என்று மேலாளர் உருக்கமாகச் சொன்னார். "ஆனா நடைமுறைன்னு ஒண்ணு இருக்கே. முட்டி வேற சரியில்ல. நான் தனியாப் பேசி அனுப்பிவைக்கறேன்."

மெக்கானிக் காலை இழுத்துக்கொண்டு வெளியே போனாள். கதவு மூடியது. ஸ்பீக்கருக்கு நகைச்சுவை எதுவும் வரவில்லை. அவசரமாக அண்ணிக்குச் செய்தி அனுப்பினான். "அஞ்சு பேரும் முடிஞ்சுது. யாரும் போடல. அந்தப் பொண்ணைக் கெடுத்துட்டோம்."

பதில் உடனே வந்தது. "ஆறாவது ஆள் இருக்கான். உன் விசிறிக்காரன்."

ஸ்பீக்கர் நிமிர்ந்தான். மேலாளர் வெள்ளி நிற பென் டிரைவ் ஒன்றை அவன் மேஜையில் வைத்துக்கொண்டிருந்தார். "கடைசியா என்னோடது, தம்பி. தலைமை அலுவலகத்துக்காரங்களுக்கு மட்டும். கதவைத் தாழ் போட்டுடு."

திரையில் முதல் ஸ்லைடு விழுந்தது. புதிய மீட்பு முறை. அதற்குக் கீழே, கருத்தும் ஆக்கமும் என்று போட்டு மேலாளரின் பதவி தடித்த எழுத்தில். ஸ்பீக்கர் தன் கணினியில் ஸ்லைடுகளை ஒரு முறை உருட்டிப் பார்த்தான். ஒன்பதாவது ஸ்லைடில் ஒரு படம். மஞ்சள் கையுறை.

போனைப் பார்த்தான். தொண்ணூற்று மூன்று சதவீதம்.

இந்த இடத்தில்தான், வாழ்நாள் முழுக்க வீணாய்ப் போனது என்று குடும்பமே நினைத்த அந்த வாய்க்கு ஒரு வேலை கிடைத்தது. மேலாளர் ஏழாவது ஸ்லைடுக்கு வந்தபோது ஸ்பீக்கர் மேஜைக்கு அடியில் காலால் ஒரு கம்பியை இழுத்துவிட்டான். திரை இருண்டது.

"மன்னிக்கணும் சார். இந்தக் கம்ப்யூட்டருக்குக் கொஞ்சம் கூச்ச சுபாவம், பெரியவங்க முன்னாடி வராது." கீழே குனிந்தான். "கறுப்பு வயர் மூணு இருக்கு சார். மூணும் கறுப்பு. இதைக் கண்டுபிடிச்சவனுக்கு வேற கலரே கிடைக்கல போல. சேர்மன் சார், ஒரு நிமிஷம் காலைத் தூக்கிக்கறீங்களா? இல்ல, அது உங்க செருப்பு வார். மன்னிக்கணும். உங்க செருப்பு நல்லா இருக்கு சார், எங்கே வாங்கினீங்க?"

சேர்மன் விழித்துக்கொண்டார். எங்கே வாங்கினார் என்று சொன்னார். கடைக்காரர் எவ்வளவு நல்லவர் என்பதையும் சொன்னார். மேலாளரின் கனிவு கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றது. "சீக்கிரம்ப்பா," என்றார் பல்லுக்கு நடுவில். ஸ்பீக்கரின் தொடையில் போன் துடித்தது. மேஜைக்கு அடியிலேயே பார்த்தான். ஒரே சொல் இருந்தது. வந்துடுச்சு.

கம்பியைச் சொருகினான். திரை வெளிச்சமானது.

"இந்த முறையை நான் பல மாசமா உழைச்சு உருவாக்கினேன்," என்றார் மேலாளர். ஒன்பதாவது ஸ்லைடில் மஞ்சள் கையுறை தெரிந்தது. ரிமோட்டில் கட்டைவிரலைத் தயாராக வைத்துக்கொண்டு, பழகிய கையால் வீடியோவை அழுத்தினார். "இதுல நீங்க பார்க்கிற கை..."

கை வரவில்லை. திரை முழுக்க ஒரு பெண்ணின் முகம் வந்தது. ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டிருந்தாள், நெற்றியில் கிரீஸ்.

"வணக்கம்," என்றது திரை. "இவ்ளோ நேரம் என் முதுகையே பார்த்திருப்பீங்க. முகத்தையும் காட்டுன்னு தங்கச்சி சொல்றா. நான் இந்தக் கம்பெனியில பதினோரு வருஷமா மெக்கானிக். இந்தக் கைப்பிடியை நானே பத்தவெச்சேன். மூணு மாசம் முன்னாடி மேலாளர் சார்கிட்ட காட்டினேன். கதவுக் கொண்டி மாதிரி இருக்கு, சரிப்படாதுன்னார். அதனால நிஜ லிப்ட்டுலயே மாட்டிக் காட்டறேன்."

மேலாளரின் கட்டைவிரல் ரிமோட்டில் எதை எதையோ அழுத்தியது. சத்தம்தான் கூடியது. "நிறுத்து," என்றார் ஸ்பீக்கரிடம்.

"இணையத்து வீடியோ சார். நம்ம சொல்லுக் கேக்காது," என்றான் ஸ்பீக்கர், இரண்டு கையையும் மேஜைமேல் வைத்து எல்லோருக்கும் தெரியும்படி.

வீடியோ முடிகிறவரை யாரும் அசையவில்லை. இயந்திர அறையில் ஒற்றை ஆளாக நின்று அவள் பிரேக்கை விட்டுவிட்டுப் பிடித்தாள். இரண்டு மாடிக்கு நடுவில் தொங்கிய லிப்ட் மெல்ல இறங்கித் தளத்தோடு தளமாக நின்றது. கதவு திறந்து ஒரு தள்ளுவண்டி வெளியே வந்தது. சேர்மன் எப்போது எழுந்து நின்றார் என்று யாரும் பார்க்கவில்லை.

ஸ்பீக்கர் நாற்காலியோடு அண்ணி பக்கம் நகர்ந்தான். "எப்படி அண்ணி?"

"பென் டிரைவ் காணாமப் போனது பன்னெண்டு மணிக்கு. விதி பொறந்தது நாலு மணிக்கு," என்றாள் அண்ணி மெல்லிய குரலில். "ஸ்லைடு காணாமப் போன ஒரே ஆளை மட்டும் பாதிக்கிற விதி. போட்டியாளனால பென் டிரைவைத் திருட முடியும், விதி போட முடியாது. ரெண்டும் இவரால மட்டும்தான் முடியும். இதைக் காட்டி இவர் தலைமை அலுவலகத்துக்கு ஏறிடலாம், அந்தப் பொண்ணு இன்னிக்கே வீட்டுக்குப் போயிடும். அப்புறம் யார் வந்து கேக்கப் போறா?"

"கதவைத் திறங்க," என்றார் சேர்மன். "அந்தப் பொண்ணைக் கூப்பிடுங்க."

மெக்கானிக் உள்ளே வந்தாள். திரையில் உறைந்து நின்ற தன் வீடியோவைப் பார்த்தாள், மேலாளரைப் பார்த்தாள், புரிந்துகொண்டாள். அழுவாள் என்று ஸ்பீக்கர் எதிர்பார்த்தான். அவளுக்குக் கோபம்தான் வந்தது.

"சார், இது ஒரு குழு முயற்சி," என்று மேலாளர் ஆரம்பித்தார். குரலில் கனிவு திரும்பியிருந்தது. "பத்தவெச்சது அவங்களா இருக்கலாம். யோசனை, வழிகாட்டுதல் எல்லாம் என்னோடது. அந்தக் கைப்பிடியில எனக்குத் தெரியாத ஒரு திருகு கிடையாது."

"நல்லது," என்றார் சேர்மன். அவருக்கு இரண்டு கண்ணும் முழுசாகத் திறந்திருந்தன. "மாதிரி இங்கேயே இருக்கு. மாட்டிக் காட்டுங்க."

மேலாளர் கோட்டைக் கழற்றினார். கைப்பிடியைச் சக்கரத்தில் பொருத்தினார். முதலில் தலைகீழாக, பிறகு எப்படியோ சரியாக. பிடித்துத் திருப்பினார். அசையவில்லை. இரண்டு கையாலும் திருப்பினார். முகம் சிவந்தது, மீசை வியர்த்தது. தலைமை அலுவலகத்துக்காரர் ஒருவர் இருமினார். அந்த அறையில் அப்போது சொல்லக்கூடிய குறைந்தது பன்னிரண்டு நகைச்சுவைகள் ஸ்பீக்கரின் நாக்கு நுனியில் நின்றன. ஒன்றையும் சொல்லாமல் அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

மெக்கானிக் காலை இழுத்துக்கொண்டு பக்கத்தில் போனாள். அவருடைய மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இடது பக்கம், சார்," என்றாள். "முதல் நாள் எல்லாரும் வலது பக்கம்தான் திருப்புவாங்க."

சக்கரம் சுற்றியது. சேர்மன் கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு மெக்கானிக்கிடம் கேட்டார். "இவர் எத்தனை நாள்ல கத்துப்பார்?"

அவள் மேலாளரை ஏற இறங்கப் பார்த்து, நிஜமாகவே யோசித்தாள். "சொல்ல முடியல சார். ஆள் கொஞ்சம் மெதுவு. திங்கட்கிழமை காலைல மத்தவங்களோட சேர்ந்து வகுப்புக்கு வரட்டும். நேரத்துக்கு வரணும்."

சேர்மன் தலையாட்டிவிட்டு, வகுப்புக்கு எந்த அறை வேண்டும் என்று அவளைக் கேட்டார்.